வாக்குத்தத்த வசனத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது? மதுரையில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

"வாக்குத்தத்தத்தைப் பிடிச்சுக்கோங்க." வாக்குத்தத்தம் என்றால் வேதத்தில் தேவன் கொடுத்திருக்கிற வாக்கு. புதிதாக ஆண்டவரிடம் வந்தவர்களுக்கு எல்லாரும் சொல்கிற முதல் புத்தி இதுதான். எதைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு என்ன செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறவர்கள் குறைவு. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது நான் சபைக்குப் புதிது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் நல்ல வசனங்கள். ஆனால் எது எனக்குச் சேரும், எது சேராது, நான் செய்ய வேண்டியது ஏதும் உண்டா என்று ஒன்றும் தெரியாமல் திண்டாடினேன். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் கணவர் இன்றும் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். தேவனுடைய வாக்கை நம்பலாம், முழுதாக நம்பலாம் என்று நான் சொல்வது அந்த நிலைமையில் இருந்துகொண்டுதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை முழு வேதாகமம். புதிய ஏற்பாடு மட்டும் போதாது, ஏனென்றால் உங்களிடம் சொல்லப்படுகிற வாக்குத்தத்தங்களில் பாதிக்கு மேல் ஏசாயா, எரேமியா, சங்கீதம் இவற்றிலிருந்துதான் வரும். வேதாகமம் வழங்கும் கிதியோன் அமைப்பின் சகோதரர்கள் இலவசமாகக் கொடுக்கும் சின்னப் புதிய ஏற்பாடு இருந்தால் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முழுப் புத்தகம் ஒன்று இருக்கட்டும்.

எந்தப் பதிப்பு என்பது நீங்கள் போகிற சபையைப் பொறுத்தது. சி.எஸ்.ஐ. சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க ஆலயங்களில் திருவிவிலியம். இரண்டிலும் புத்தகங்களின் பெயர் மாறும். ஒன்றில் ஆதியாகமம், மற்றதில் தொடக்கநூல். ஒன்றில் யாத்திராகமம், மற்றதில் விடுதலைப் பயணம். ஒருவர் சொன்ன வசனத்தை உங்கள் புத்தகத்தில் காணோமே என்று பதற வேண்டாம். முன் பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை கஷ்டமாக இருந்தால் எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

செலவு: சாதா அட்டை போட்ட தமிழ் வேதாகமம் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தோல் உறை, ஜிப், தங்க விளிம்பு என்று போனால் விலை ஏறும். புதியவர்களுக்கு அது தேவையில்லை. இணைவசனங்கள் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்கள்) அச்சடித்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், அதற்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீண் போகாது. அதுவும் முடியாது என்றால் செல்போனில் இலவச ஆப் இருக்கிறது.

இரண்டாவது, நூறு பக்க நோட்டு ஒன்று. வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வருகிற வசனங்களை நம்பி இருக்காதீர்கள். அவை வரும், போகும். அதிகார எண்கூடச் சில நேரம் தப்பாக இருக்கும். நோட்டு ஏன் வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.

2. யார், யாருக்கு, எப்போது சொன்னது?

ஒரு வசனம் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அது இருக்கும் அதிகாரம் முழுவதையும் வாசிப்பது. நேரம் இருந்தால் முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். தட்டில் இருந்து ஒன்றை எடுப்போம், அந்த வருஷத்துக்கு அதுதான் வசனம். "நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்" என்ற ஏசாயா 45:2 அடிக்கடி வருகிற ஒன்று. புத்தகத்தைத் திறந்து அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: இது கர்த்தர் பாரசீக ராஜா கோரேசுக்குச் சொன்னது. ஏன் சொன்னார் என்று 4-ஆம் வசனத்தில் இருக்கிறது: தம்முடைய ஜனத்தின் நிமித்தம். அப்படியென்றால் இந்த வசனம் நமக்கு ஆகாதா? ஆகும். தம் ஜனத்தை விடுவிப்பதற்காகத் தம்மை அறியாத ஒரு ராஜாவுக்கும் முன்னே போய்க் கதவைத் திறந்தவர் நம்முடைய தேவன் என்று தெரிகிறது. அட்டையை மட்டும் வாசித்தால் "என் வீடு கட்டுகிற வேலை தடையில்லாமல் முடியும்" என்று எடுத்துக்கொள்வோம். அதிகாரத்தை வாசித்தால் தேவனைத் தெரிந்துகொள்வோம். அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பிலிப்பியர் 4:19 இன்னொன்று. "என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம்" நிறைவாக்குவார் என்று பவுல் எழுதுகிறார். எழுதின இடம் சிறை. யாருக்கு எழுதினார்? எப்பாப்பிரோதீத்து கையில் தமக்கு உதவி அனுப்பின சபைக்கு. பிலிப்பி பட்டணம் இருந்த மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் வாரிக் கொடுத்தவர்கள் என்று 2 கொரிந்தியர் 8-இல் அவரே சாட்சி சொல்கிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்த வசனத்தின் கனமே வேறு. சிறையில் இருக்கிற ஒருவர், தங்களிடம் இல்லாதபோதும் கொடுத்த ஏழைகளைப் பார்த்து, தேவன் உங்களைக் கவனித்துக்கொள்வார் என்கிறார். லோன் கட்ட முடியாமல் தவிக்கிறவருக்கு இதைவிடப் பக்கத்தில் வருகிற வார்த்தை எது?

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால் அப்போஸ்தலர் 16:31-ஐ நிச்சயம் யாராவது கொடுத்திருப்பார்கள்: "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்." பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனுக்குச் சொன்னது. அடுத்த வசனங்களையும் படியுங்கள். அந்த வீட்டார் எல்லாருக்கும் வசனத்தைச் சொன்னார்கள், அவர்களும் கேட்டார்கள், விசுவாசித்தார்கள். உங்கள் விசுவாசத்தால் மாமியார் தானாக மாறிவிடுவார் என்று அங்கே இல்லை. அதனால் சாமி படத்தை எடுக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், பொங்கலன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஜெபியுங்கள், அன்பாக நடந்துகொள்ளுங்கள், கேட்டால் சொல்லுங்கள்.

கவனம்: பாதி வசனத்தை யார் கொடுத்தாலும் மீதியைத் தேடுங்கள். மத்தேயு 4-இல் பிசாசு இயேசுவிடம் 91-ஆம் சங்கீதத்தைத்தான் சொன்னான். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். வசனம் உண்மை, சொன்ன இடம் பொய். இயேசு இன்னொரு வசனத்தை எடுத்துத்தான் பதில் சொன்னார்.

பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலுக்குச் சொன்னது நமக்கு எப்படிச் சேரும் என்று கேட்பீர்கள். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் "ஆம்" என்று இருக்கிறது என்கிறது 2 கொரிந்தியர் 1:20. கிறிஸ்து வழியாகத்தான் அவை நம்மிடம் வருகின்றன. அதனால் எந்த வசனத்தை எடுத்தாலும், இது இயேசுவில் எப்படி நிறைவேறியது என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பதில் உடனே தெரியாவிட்டால் ஆயரிடம் கேளுங்கள்.

3. அவர் சொன்னதையும் நாம் கேட்பதையும் பிரியுங்கள்

எனக்கு மிகவும் உதவினது இந்தப் படிதான். நோட்டைத் திறந்தால் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் "அவர் சொன்னது." வலது பக்கத்தில் "நான் கேட்பது."

இடது பக்கத்துக்குப் போகிறவை: பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பார் (1 யோவான் 1:9). உன்னை விட்டு விலகமாட்டேன், கைவிடமாட்டேன் (எபிரெயர் 13:5). ஞானம் குறைவாக இருந்தால் கேளுங்கள், கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் (யாக்கோபு 1:5). என் கிருபை உனக்குப் போதும் (2 கொரிந்தியர் 12:9). குமாரனை விசுவாசிக்கிறவனைக் கடைசி நாளில் எழுப்புவேன் (யோவான் 6:40). கண்ணீர் யாவையும் துடைப்பார், இனி மரணமில்லை (வெளிப்படுத்தல் 21:4). "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் இதே பக்கத்தில் வர வேண்டும். யோவான் 16:33, இயேசுவே சொன்னது. புதிதாக வந்தவர்களிடம் அதை மறைப்பது நியாயமில்லை. அதே வசனத்தில் "ஆனாலும் திடன்கொள்ளுங்கள்" என்றும் இருக்கிறது.

வலது பக்கத்துக்குப் போகிறவை: சிறுநீரகம் மறுபடி வேலை செய்ய வேண்டும். மகனுக்கு நீட்டில் மார்க் வர வேண்டும். குரூப் 4-இல் பாஸாக வேண்டும். கல்யாணம் தையில் நடக்க வேண்டும். இவற்றைக் கேட்கலாமா? தாராளமாக. எல்லாவற்றையும் குறித்து விண்ணப்பம் பண்ணுங்கள் என்றுதான் பிலிப்பியர் 4:6 சொல்கிறது. அவர் கேட்கிறார், பல நேரம் கொடுக்கிறார். ஆனால் அவை அவர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த வாக்கு கிடையாது.

இரண்டையும் கலந்து வைத்திருந்தால், வலது பக்கத்தில் ஒன்று நடக்காதபோது இடது பக்கம் முழுவதும் பொய் என்று தோன்றிவிடும். விசுவாசத்தை விட்டுப்போன சிலரோடு பேசியிருக்கிறேன். பெரும்பாலும் இந்தக் கலப்புதான் காரணம்.

4. "ஆல்" எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சில வாக்குகளுக்கு நிபந்தனை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. "அறிக்கையிட்டால் மன்னிப்பார்" என்பதில் "ஆல்" இருக்கிறது. மத்தேயு 6:33-இல் "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்பது முன்னால் நிற்கிறது. "இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்" என்பது பின்னால். "உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பதில் அப்படி எதுவும் இல்லை. நோட்டில் ஒவ்வொரு வசனத்துக்குக் கீழேயும் நிபந்தனை உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

5. நோட்டில் எப்படி எழுதுவது

என் நோட்டில் இருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன். கணவருக்குக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைக்கிற ஆபரேஷன்) போட வேண்டிய சமயம் எழுதினது.

இடது பக்கம்: "ஏசாயா 41:10. நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன். சொன்னது கர்த்தர். யாருக்கு: தள்ளப்பட்டுப் போனோம் என்று பயந்த இஸ்ரவேலுக்கு. 'நான் உன்னை வெறுத்துவிடவில்லை' என்று 9-ஆம் வசனம். நிபந்தனை இல்லை. இயேசு: மத்தேயு 28:20."

வலது பக்கம்: "ஆபரேஷன் புதன்கிழமை முடியணும். கையில் வீக்கம் வரக் கூடாது. மகள் பரீட்சை நேரத்தில் அழக் கூடாது."

கீழே, ஒரு வாரம் கழித்து வேறு பேனாவில்: "ஆபரேஷன் தள்ளிப்போச்சு. வீக்கம் வந்தது, குறைஞ்சது. மகள் அழுதாள். மாடி வீட்டு அக்கா கூப்பிடாமலே வந்து ராத்திரி வார்டு வராந்தாவில் என்கூட உட்கார்ந்திருந்தாங்க. பயமா இருந்தது. தனியா இல்லை."

வலது பக்கத்தில் மூன்றும் நான் கேட்டபடி நடக்கவில்லை. இடது பக்கம் நடந்தது. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்த வாரத்தை ஜெபம் கேட்கப்படாத வாரம் என்றுதான் நினைத்திருப்பேன்.

6. வசனத்தைச் சொல்லி ஜெபிப்பது

ஆதியாகமம் 32-இல் யாக்கோபு ஜெபிக்கிற விதத்தைப் பாருங்கள். அண்ணன் ஏசா 400 பேரோடு வருகிறான் என்று செய்தி வருகிறது. யாக்கோபு மிகவும் பயந்தான் என்று வேதமே சொல்கிறது. பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள். அவன் செய்த ஜெபம் நான்கே வசனம். உனக்கு நன்மை செய்வேன் என்று சொன்னீரே என்று தொடங்குகிறான். நான் இதற்கெல்லாம் தகுதியில்லாதவன் என்கிறான். அண்ணன் கைக்குத் தப்புவியும், எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறான். மறுபடி, நீர் சொன்னீரே என்று முடிக்கிறான்.

அதே வரிசையில் ஜெபித்துப் பழகுங்கள். அவர் சொன்னதைச் சொல்லி ஆரம்பியுங்கள், உங்கள் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள், வேண்டியதைக் கேளுங்கள், அவர் சொன்னதிலேயே வந்து நில்லுங்கள். சத்தமாகத்தான் ஜெபிக்க வேண்டும் என்றில்லை. பெரியார் நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இதைச் செய்யலாம்.

நேரம்: காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கும் பிள்ளைகள் எழுவதற்கும் முன்னால் இருபது நிமிஷம் கிடைத்தால் போதும். கிடைக்காத நாளில் கிடைக்கிற நேரத்தில். முழு இரவு ஜெபம், உபவாசம் எல்லாம் நல்லவைதான், ஆனால் வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தூக்கத்தையும் விட்டால் உடம்பு தாங்காது.

7. கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள்

யாக்கோபு ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதற்கு முன்பே ஜனத்தை இரண்டு கூட்டமாகப் பிரித்தான், பிறகு 200 வெள்ளாடு, 20 கடா என்று ஆரம்பித்து அண்ணனுக்கு வெகுமதி அனுப்பினான். எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் கூட்டுவேன் என்று தேவன் வாக்குக் கொடுத்தார். அதற்கு அடுத்த வசனத்திலேயே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் (2 இராஜாக்கள் 20). கப்பலில் போன 276 பேரில் ஒருவர் உயிருக்கும் சேதமில்லை என்று பவுலுக்கு வாக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும், கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அவரே தடுத்தார். கடைசியில் சிலர் நீந்தியும் சிலர் பலகையைப் பிடித்துக்கொண்டும்தான் கரை சேர்ந்தார்கள் (அப்போஸ்தலர் 27).

அதனால் மருந்தை நிறுத்தாதீர்கள். இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். டயாலிசிஸ், இன்சுலின், பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை எதையும் "விசுவாசத்தில்" நிறுத்தக் கூடாது. டாக்டர் குறைத்தால் குறையுங்கள். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னவர் பவுல். அவர்கூடவே இருந்த லூக்கா வைத்தியர்.

எங்களைப்போல் நீண்ட சிகிச்சை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்றிதழ் இவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முதலில் விண்ணப்பித்துவிடுங்கள், அது கைக்கு வந்த பிறகுதான் மற்றது நடக்கும். எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். இந்த அட்டைக்காக அலைவது விசுவாசக் குறைவு இல்லை. தேவன் கொடுக்கிற வழிகளில் இதுவும் ஒன்று என்று நான் நன்றியோடு சொல்வேன்.

8. காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

தேவனுடைய வாக்குக்குக் கட்டணம் கிடையாது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று இயேசு சீஷர்களிடம் சொன்னார் (மத்தேயு 10:8). சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டம் சுகமானபோது தீர்க்கதரிசி எலிசா ஒரு காசு வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கின அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு என்ன ஆனது என்று 2 இராஜாக்கள் 5-இல் பாருங்கள்.

என் கணவர் படுத்திருந்தபோது ஒருவர் வீடு தேடி வந்தார். தரிசனத்தில் உங்கள் வீட்டைக் கண்டேன், ஒரு தொகையை விதையாக விதைத்தால் ஒரு மாதத்துக்குள் சுகம் என்றார். அன்று மறுநாள் ஊசிக்கு வைத்திருந்த பணம்தான் வீட்டில் இருந்தது. என் மாமியார், கிறிஸ்தவர்கூட இல்லை, அவர்தான் வாசலில் நின்று, "சாமிக்கு எதுக்குய்யா காசு, போயிட்டு வாங்க" என்று அனுப்பினார். தொகையும் தேதியும் சொல்லி யாராவது வாக்குக் கொடுத்தால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் சரி, வேண்டாம்.

சபைக்குக் காணிக்கை கொடுப்பது வேறு. அது நன்றி. மனதார, முடிந்ததைக் கொடுங்கள். வியாதியாக இருந்தால் சபை மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லலாம் என்று யாக்கோபு 5:14 சொல்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. பொருத்தனை விஷயத்திலும் நிதானம் வேண்டும். சுகமானால் இதைச் செய்கிறேன் என்று பதற்றத்தில் சொல்லிவிட்டு, பிறகு கடன் வாங்கிச் செலுத்துகிறவர்கள் உண்டு. பொருத்தனை பண்ணிச் செலுத்தாமல் போவதைவிடப் பண்ணாமல் இருப்பதே நல்லது என்று பிரசங்கி 5:5-இல் இருக்கிறது.

"சிஸ்டர், உங்களுக்கு விசுவாசம் பத்தலை" என்று ஒருவர் சொன்னால் அதையும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். எத்தனையோ பேரைச் சுகப்படுத்தின பவுல், தம்மோடு ஊழியத்தில் இருந்த துரோப்பீமை வியாதியாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). யாருடைய விசுவாசத்தையும் அவர் குறை சொல்லவில்லை.

9. எவ்வளவு நாள் ஆகும்?

வேதத்தில் இருக்கிற கணக்கைப் பாருங்கள். ஆபிரகாம் புறப்பட்டபோது 75 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. யோசேப்பு சொப்பனம் கண்டபோது 17, பார்வோன் முன் நின்றபோது 30. காலேப் 40 வயதில் கேட்ட வாக்குக்கு 85 வயதில் நிலம் கேட்கிறார். எசேக்கியாவோ மூன்றாம் நாள் எழுந்து ஆலயத்துக்குப் போனார். ஒரே தேவன், வேறு வேறு காலம். அதனால் நோட்டில் வலது பக்கத்தில் நீங்களாகக் கெடுத் தேதி எழுதாதீர்கள்.

எரேமியா 29:11-ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு வந்தது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க முடியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பார்த்தார்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி 32-ஆம் அதிகாரம். காத்திருக்கிறவர்கள் எல்லாரும் இதை நிதானமாக ஒரு தரம் வாசிக்க வேண்டும். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரி பிடிக்கப்போகிற ஊரில் யாராவது நிலம் வாங்குவார்களா? கர்த்தர் சொன்னதால் எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்தார். பத்திரம் எழுதினார், சாட்சிகளை வைத்தார், முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டு பிரதி. எல்லாரும் பார்க்க அதைத் தம்முடைய எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். மறுபடியும் இந்த தேசத்தில் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்பதுதான் வாக்கு. நம் ஊரில் பத்திரம் பதிய சாட்சிகளோடு ரிஜிஸ்தர் ஆபீஸில் காத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். ஊர் போகப்போகிறது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று கேட்கிறார். சொன்னதைச் செய்துவிட்டு, விளங்காததையும் கேட்கலாம் என்று அதில் இருந்துதான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் நாம் அட்டையில் பார்க்கிற 27-ஆம் வசனம்: "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?" எரேமியா அந்த நிலத்தில் விதைத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் ஜனங்கள் திரும்பி வந்தார்கள்.

காத்திருக்கிற நாட்களில் மனது உடைந்தால் 13-ஆம் சங்கீதத்தையும் 88-ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். 88 இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் கிடையாது. அதுவும் ஜெபம்தான், வேதத்தில் இடம் பெற்ற ஜெபம். நம்பவே முடியாத நாளில் மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் சொன்னதைச் சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

10. கூட இருக்க ஒருவர்

தனியாக இதைச் செய்ய முடியாது. நரிமேடு சி.எஸ்.ஐ. பேராலயம், கீழவெளி வீதி புனித மரியன்னை பேராலயம் தொடங்கி, சந்துக்குள் மாடி அறையில் கூடுகிற சின்னச் சபை வரை மதுரையில் எல்லாம் உண்டு. பெரிய சபையில் போதனை ஒழுங்காக இருக்கும், ஆனால் உங்களைக் கவனிக்க யாராவது நீங்களாகத் தேட வேண்டும். சின்னச் சபையில் முதல் வாரமே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே போதகர் எங்கே படித்தார், கணக்கு வழக்கை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அரசரடியில் இறையியல் கல்லூரியே இருக்கிற ஊர் இது, படித்த ஆயர்களைத் தேடிப் போய்க் கேட்பது கஷ்டமில்லை.

ஆராதனை முடிந்ததும் ஓடி வந்துவிடாதீர்கள். ஞாயிறு கூட்டத்தில் ஆயருக்கு நேரம் இருக்காது. வாரநாளில் எப்போது பார்க்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள், விளங்காத வசனத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். பெண்களாக இருந்தால் ஆயரம்மாவிடமோ பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காமாரிடமோ பேசுவது எளிது. நீண்ட நாள் நோயையோ கடனையோ கடந்து வந்த ஒருவரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எந்தச் சபையிலும் அப்படி ஒருவராவது இருப்பார். அவரிடம் கேட்க வேண்டியது, "உங்களுக்கு எது நடக்கல, அப்ப எந்த வசனத்துல நின்னீங்க?" என்பது. அவர் சொல்கிற வசனத்தை இடது பக்கத்தில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரத்தை முதலில் இருந்து வாசியுங்கள்.